மச்சானின் இடது பக்க மீசை

காலையில் சவரம் செய்யாமல் நான் காப்பி குடிப்பதில்லை, ஏட்டையா. ரிட்டையர் ஆகி நாலு வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. மடக்குக் கத்திதான். பிளேடு மாட்டுகிற வேலையெல்லாம் எனக்குச் சரிப்படாது.

கத்தி என்றால் கல் வேண்டும். மழுங்கலை எடுக்க ஆயிரம் நம்பர் கல், அப்புறம் ஐயாயிரம், கடைசியாக ஒரு வழவழப்பான கல். கல்லில் தீட்டும்போது கத்தியின் வாய் முன்னே போக வேண்டும், கடைசியாகப் பதம் பார்க்கிற தோல்வாரில் முதுகு முன்னே போக வேண்டும். மாற்றி இழுத்தால் வாரும் போச்சு, கத்தியும் போச்சு. இதுவரைக்கும் குற்றம் எதுவும் இல்லை என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

கடைசிக் கல்லில்தான் வம்பு வந்தது. என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று ஆன்லைனில் வரவழைத்த பன்னிரண்டாயிரம் நம்பர், மற்றது மலையில் வெட்டியெடுத்த இயற்கைக் கல். எது உசத்தி என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. ஒரே மாதிரி இரண்டு கத்தி வாங்கி, கத்திக்கு ஒரு கல்லாகத் தீட்டினேன். சோதிக்க முடி வேண்டுமே. என் கை இரண்டிலும் முடி போச்சு, காலிலும் போச்சு. வீட்டுக்காரி உமாதேவியின் சீப்பில் சிக்கிய முடியை வைத்துப் பார்த்தேன். இரண்டு கத்தியும் சத்தமில்லாமல் அறுத்தன. மெல்லிய முடி அப்படித்தான், எல்லாவற்றுக்கும் தலையாட்டும். தடித்த முடி வேண்டும் என்று பட்டது. யாரையும் மனதில் வைத்து அப்படி நினைக்கவில்லை.

இன்று காலை செங்கோட்டையிலிருந்து மச்சான் சங்கரநாராயணன் வந்தார். உமாவுக்கு அண்ணன். முப்பது வருட மீசை, ஒவ்வொரு முடியும் துடைப்பக் குச்சி மாதிரி நிற்கும். நாளைக்கு அவர் மகளைப் பெண் பார்க்க ராயகிரியிலிருந்து வருகிறார்கள், எங்களை அழைக்க வந்திருந்தார். நான் மீசையைப் பார்க்கவே இல்லை, ஏட்டையா. பார்த்தேன், மரியாதையோடுதான் பார்த்தேன்.

சாரல் நல்லா இருக்கு, ஐந்தருவிக்குப் போவோம் என்று கூப்பிட்டது நான்தான். எண்ணெய் தேய்க்கிற மாரியிடம் மீசைக்கும் சேர்த்து அழுத்தித் தேய்க்கச் சொன்னதும் நான்தான். எண்ணெயும் அருவித் தண்ணீரும் ஊறினால் முடி இளகிக் கொடுக்கும், சோப்பு தேவையில்லை. வீட்டுக்கு வந்து கோழிக் குழம்போடு ஒரு பிடி பிடித்தார். அருவியில் குளித்தவர் சாப்பிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

இடது பக்கத்தை இயற்கைக் கல் கத்தியால் எடுத்தேன். நாலே இழுப்பு. குறட்டை கூட மாறவில்லை. வலது பக்கத்துக்காக அடுத்த கத்தியை விரிக்கும்போது உமா காப்பியோடு வந்துவிட்டாள். டம்ளர் விழுந்த சத்தத்தில்தான் மச்சான் முழித்தார், என் கத்தியால் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணன் இனி வாசல் மிதிக்க மாட்டார் என்று உமா அழுகிறாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. மச்சான் தங்கமான மனிதர். மீதி மீசையைச் சாட்சிக்காகத் தொடாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சற்றுமுன் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மாப்ளே, கை தவறிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லும். கேஸ வாபஸ் வாங்கிக்கிடுதேன். நாளைக்கு நீரும் வந்து சபையில உக்காரும்."

"சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்கிறாள் உமா.

சொன்னால் இப்போதே வீட்டுக்குப் போகலாம், உறவும் மிஞ்சும். ஆனால் அவர் உதட்டுக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு கீறல் உண்டா? தவறிய கை இப்படி எடுக்குமா? தவறவில்லை, ஏட்டையா. போனில் சொன்னால் போதாதா என்று கேட்டவரை, நேரில் வந்து அழைப்பதுதான் முறை என்று சொல்லி வரவழைத்ததே நான்தான்.

என் மேல் எந்தக் கேஸ் வேண்டுமானாலும் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வலது பக்கத்தை மட்டும் வேறு யாரும் எடுக்க விட்டுவிடாதீர்கள்.