சரஸ்வதி இருக்கும் கிட்டார்

காலை ஏழு இருபதுக்குப் புசல்லாவையில் கண்டி பஸ் ஏறினேன். முன்னிருக்கையில் ஓர் இளைஞரின் மடியில் பழைய கிட்டார் ஒன்று இருந்தது. அதன் முகப்பை அடைத்துக்கொண்டு, தடித்த பெயிண்டில், சரஸ்வதி தாமரையில் அமர்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவருடைய மைத்துனர் என்பது பேச்சில் தெரிந்தது.

"சாமி மூஞ்சியையா சொரண்டப் போற, மச்சான்?" என்றார் மைத்துனர்.

"நானா வரைஞ்சேன்? எங்கப்பா, கோயில் கோபுரத்துக்கு வந்த பெயிண்டரப் புடிச்சு வரைய வச்சாரு. அன்னையிலருந்து தலகாணியில தட்டுற மாதிரி சத்தம். ஞாயித்துக்கெழம கல்யாணத்துல இத வச்சு எப்படி வாசிக்கிறது?"

"பாவம் புடிக்கும்டா."

"அவளே வீணை வாசிக்கிறவ. சத்தம் செத்துப்போனா அவளுக்குத்தான் மொதல்ல கோவம் வரும். அவ வீணையில யாராச்சும் படம் வரைஞ்சிருக்காங்களா, நீயே பாரு."

மைத்துனர் குனிந்து பார்த்தார்.

"இல்லதான். சரி, பேராதனையில எறங்கி தச்சு வேல செய்யிற பாஸ்கிட்ட குடுப்போம். இன்னைக்கே பெயிண்ட உரிச்சுத் தர்றேன்னாரு. ஆனா நானும் கூட வந்தேன்னு என் தங்கச்சிக்கிட்ட சொல்லிறாத."

கம்பளையில் ஏறிய ஒரு பெண் இடமில்லாமல் அவர்களருகே நின்றார். கிட்டாரைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு நாணயத்தை எடுத்துக் கிட்டாரின் நடுத் துளைக்குள் போட்டார்.

"என் புள்ளைக்கி நாளைக்கிப் பரீட்ச, தாயே," என்றார்.

பேராதனையில் பஸ் நின்றது. இருவரும் இறங்கவில்லை.