ஊசி போட்ட நாய்

எனக்கு நாய்களைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால் என்னை ஏதோ நாய்ப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஒரு நாய்க்கும் பெயர் வைத்ததில்லை. மழையில் நனைந்த நாயின் வாடை எனக்கு ஆகாது. வேலை என்பதால் தொட்டேன், வேலை முடிந்ததும் கை கழுவினேன்.

அதற்கு முன் கம்பெனியில் பிரஸ் மெஷினில் இருந்தேன். நைட் ஷிப்ட். பகலில் எனக்குத் தூக்கம் வராது. கடைசியில் மெஷின் முன்னால் நின்றபடியே கண் சொக்க ஆரம்பித்தது. விரல் போவதற்குள் நானே நின்றுவிட்டேன். தேன்கனிக்கோட்டையில் இருக்கும் அப்பா போனில் ஒரே வார்த்தை சொன்னார்: "தண்டம்." அவர் சொன்னது அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது.

பிறகு தெருநாய்க் கருத்தடை மையத்தில் நாய் பிடிக்கும் வேலை கிடைத்தது. ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தியது. நாங்கள் வலை போட்டுப் பிடிப்போம். டாக்டர் ஆபரேஷன் செய்து, வெறிநோய் வராமலிருக்க ஊசி போடுவார். மயக்கம் தெளிவதற்குள் இடது காதின் நுனியில் முக்கோணமாகச் சின்னத் துண்டு ஒன்றை வெட்டி எடுப்பார். அதுதான் அடையாளம். காயம் ஆறியதும் பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுவோம்.

ஜனங்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். காதில் வெட்டு இருந்தால் குட்டி போடாது, வெறி பிடிக்காது. அப்படிப்பட்ட நாயை யாரும் கல்லால் அடிப்பதில்லை. மீந்த சோற்றைக்கூட அதற்குத்தான் முதலில் போட்டார்கள். ஒரு தெருவில் இருக்கும் வேதனையை இவ்வளவு சின்ன வெட்டு குறைத்துவிடும் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

டாக்டருக்குப் பெங்களூரில் வேறு வேலை கிடைத்தது. மையத்தைப் பூட்டினார்கள். ஊசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வலையும் கத்திரியும் என்னிடம் தங்கிவிட்டன. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நான் குடியிருப்பது சிப்காட்டுக்குப் பின்னால், தொரப்பள்ளி போகிற வழியில் ஒரு லைன் வீட்டில். ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கும், நடுவில் ஒரே குழாய். வீட்டுக்காரர் லட்சுமியம்மாள், தெலுங்குக்காரர். மையம் பூட்டியதும் தெருவில் நாய்கள் பெருகின. பால்காரரை இரண்டு நாய்கள் துரத்தி, அவர் வண்டியோடு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். அன்றைக்கு லட்சுமியம்மாள் குழாயடியில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"காது வெட்டின குக்க இருக்கட்டும்பா. வெட்டாத குக்கலு ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது. கறியில மருந்து வெச்சிருங்க."

வைத்தார்கள். சாக்கடைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை செத்துக்கொண்டிருந்தது. ஜெனரல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் டிபன் பாக்ஸோடு அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நான் நின்று பார்த்தேன். அது எழுப்பிய சத்தத்தை நீங்கள் கேட்டிருந்தால் இப்போது இப்படிக் கேள்வி கேட்கமாட்டீர்கள்.

மறுநாள் முதல் காதை வெட்டினேன்.

ஆபரேஷன் கிடையாது, ஊசி கிடையாது, வெறும் வெட்டு மட்டும். மயக்க மருந்தும் இல்லை. வாயைத் துணியால் கட்டி, முழங்காலால் அழுத்திக்கொண்டு ஒரே கத்திரி. மஞ்சள் வைத்து அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும். பெட்டை நாய்களுக்கு மட்டும் வெட்டினேன். ஆண் நாய் என்றால் பின்னால் பார்த்தாலே ஆபரேஷன் நடக்கவில்லை என்று தெரிந்துவிடும். பெட்டையின் வயிற்றில் தையல் இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆண் நாய்கள் மருந்து தின்று செத்தன. அவற்றுக்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

மையம் ஊசியோடு மறுபடி திறந்தால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நான் செய்தது பொய் இல்லை, முன்கூட்டியே செய்தது. அப்படித்தான் அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் அதில் பெரிய தவறு தெரியவில்லை.

லைன் வீட்டில் என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டலாகத்தான். ஆனால் லட்சுமியம்மாள் எனக்கு மட்டும் உட்காரச் சேர் போடுவார். பக்கத்து அறை பூங்கொடி அக்கா போர்டு அசெம்பிளி செய்கிற கம்பெனியில் முதல் ஷிப்ட். அரூர் பக்கத்துக்காரி, வாய் சும்மா இருக்காது. ஒருநாள் நான் ஒரு நாயின் காதுக்கு மஞ்சள் வைப்பதைப் பார்த்துவிட்டு, குழாயடியில் குளித்துக்கொண்டிருந்த புருஷனைக் காட்டினாள்.

"ரோசனு, இவருக்கும் காதுல ஒரு வெட்டு போட்டு வுடுடா. ரெண்டு புள்ளைக்கு மேல எனக்குத் தாங்காது."

"வெட்டினா அப்பறம் இந்தம்மா எனக்குச் சோறு ஒழுங்காப் போடுமான்னு கேளு ப்ரோ," என்றான் சுபாஷ். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த வரிசையின் வாசலில் ஒரு செம்மண் நிறப் பெட்டை படுத்திருக்கும். அதன் காதை வெட்டியதும் நான்தான். ஒரு சாயங்காலம் பூங்கொடி அக்கா கம்பெனி வேனிலிருந்து இறங்கி, எப்போதும்போல அதைத் தாண்டிப் படியேறினாள். அது கெண்டைக்காலைக் கவ்வியது. குரைக்கவில்லை. கவ்விவிட்டு விட்டது. அவள் குழாயில் காலை நீட்டிக் கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"உன் பேஷண்டு என்னையக் கடிச்சிட்டாடா."

சுபாஷ் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். "கெளம்பு. ஜீஹெச்சுல ஊசி போட்டுட்டு வந்துரலாம்."

"இரு மாமா. நாலஞ்சு வாட்டி வரச் சொல்லுவாங்க. ஒவ்வொரு வாட்டியும் லீவு கேட்டா சூப்ரவைசர் லைன்ல இருந்தே தூக்கிருவான். டாக்டரு இங்கயே நிக்கிறாரு, கேக்கறேன் இரு." என் பக்கம் திரும்பினாள். "இது ஊசி போட்ட நாய்தான?"

லட்சுமியம்மாள் வாசலில் நின்றிருந்தார். எதிர் வரிசையிலும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் காது வெட்டிய அத்தனை நாய்களும் பொழுது சாய்வதற்குள் செத்துவிடும். அதுதான் என் மனதில் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை.

"போட்டதுதான் அக்கா," என்றேன்.

இந்த ஒரு வார்த்தையைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், நான்தான் சொன்னேன். அப்போது அந்த நாய்க்கு ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கும் தங்கமணி ஏதோ சொல்லியிருக்கிறாள். பூங்கொடி அக்கா வந்து சொன்னாள்: "பத்து நாளு நாயப் பாக்கணுமாம்டா. நாய் நல்லா இருந்தா நமக்கும் ஒண்ணுமில்லியாம். நான் ஷிப்டு போய்ருவேன். நீ கொஞ்சம் கண்ணு வெச்சுக்க."

வைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று நாள் கழித்து நாய் வாசலுக்கு வரவில்லை. தேடிப்போனேன். பழைய இரும்புக் குடோனுக்குப் பின்னால், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே நின்றிருந்தது. தாடை தொங்கிக் கிடந்தது, எச்சில் கயிறாக வழிந்தது. என்னைப் பார்க்காமல் தகரத்தைக் கடித்தது. மையத்தில் டாக்டர் இப்படி ஒரு நாயைக் கூண்டுக்குள் வைத்து எங்களுக்குக் காட்டியிருக்கிறார். அதனால் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அடுத்த நாள் அது செத்துக் கிடந்தது. அங்கேயே குழி தோண்டிப் புதைத்தேன்.

அப்போதும் நேரம் இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஜீஹெச்சில் ஊசி இலவசம். டவுன் பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கும். அவள் கதவைத் தட்டி இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் கதவு வரைக்கும் போனேன். உள்ளே அவள் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். "யாரு, டாக்டரா? என் மாமியா எப்பிடி இருக்குது, நல்லாருக்குதா?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள். மாமியார் என்று அவள் சொன்னது நாயைத்தான்.

"நல்லாருக்குது அக்கா. குடோன் பக்கம் படுத்திருக்குது," என்றேன்.

சொன்ன பிறகு நாய் வேண்டுமே.

தொரப்பள்ளியில் ஒரு கறிக்கடை வாசலில் அதே உடம்பு, அதே நிறத்தில் ஒரு பெட்டை இருந்தது. சாதுவானது. எலும்பைக் காட்டினால் பின்னாலேயே வரும். கோணியில் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்தேன். காதை வெட்டினேன். வெட்டு புதிதாகத் தெரியுமே என்று மஞ்சளைக் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். அதை வாசலில் விட்டபோது பூங்கொடி அக்கா ஷிப்ட் முடிந்து வந்தாள்.

"வந்துட்டாளா. காதுல என்னாடா?"

"பழைய வெட்டு புண்ணாயிருச்சுக்கா. மருந்து வெச்சிருக்கறேன்."

"வாலு நுனி வெள்ளையா இருக்குதே. முன்ன இருந்துச்சா?"

"பெயின்டு. கம்பெனி காம்பவுண்டுக்கு அடிக்கிறாங்கல்ல, ஒரசியிருக்கும்."

"இவளும் கம்பெனிக்குப் போறாளாக்கும்," என்று சிரித்தாள். பொறையை உடைத்துப் போட்டாள். அது வாலை ஆட்டிக்கொண்டே தின்றது.

பத்து நாளும் அவள் காலையில் வேனுக்குப் போகும்போது அதன் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். நாளை வாய்விட்டே எண்ணினாள். பத்தாவது நாள் கோழி எடுத்துக் குழம்பு வைத்து எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அடுத்த மாதம் கடிபட்ட கால் மரத்துப்போகிறது என்றாள். ஷிப்டில் நின்றே வேலை பார்ப்பதால் இருக்கும் என்றார்கள். பிறகு காய்ச்சல். பிறகு ஃபேன் காற்று மேலே பட்டால் கத்தினாள். சுபாஷ் தண்ணீர் டம்ளரை வாய்க்கருகில் கொண்டுபோனதும் அவள் தொண்டை இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனோம். நாய் கடித்ததா என்று டாக்டர் கேட்டார்.

"கடிச்சுது சார். ஆனா ஊசி போட்ட நாயிங்க. இன்னும் உசுரோட எங்க வாசல்லதான் இருக்குது," என்று சுபாஷ் போனை எடுத்து அதன் போட்டோவைக் காட்டினான். அந்தப் போட்டோவை எடுத்துக் கொடுத்தது நான்தான். நான் அவன் பக்கத்தில் நின்றிருந்தேன். டாக்டர் போட்டோவைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். அந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்த ஊசியும் வேலை செய்யாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நினைவு வந்த ஒரு சமயம் என்னைப் பார்த்து, "ரோசனு, அதுக்குச் சோறு வெச்சியா?" என்றாள். வைத்தேன் என்றேன். அது உண்மை.

இறந்துவிட்டாள். நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். கடித்த அன்றும், நாய் செத்த அன்றும், அவள் எண்ணிய ஒவ்வொரு நாளும், அதற்குப் பிறகு வந்த வாரங்களிலும் சொல்லியிருக்கலாம். தெரிந்தேதான் சொல்லாமலிருந்தேன். இதில் உங்களுக்கும் எனக்கும் வழக்கு எதுவும் இல்லை.

ஆனால் நீங்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்து வந்த அன்று சுபாஷும் இன்னும் நாலு பேரும் இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். அந்த நாய் அவனைப் பார்த்து வாலை ஆட்டியது. ஓடத் தெரியவில்லை அதற்கு. முடியும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பூங்கொடி அக்காவைக் கடிக்கவில்லை. யாரையுமே கடித்ததில்லை. எதுவும் செய்யாத ஒரு உயிரை ஐந்து பேர் சேர்ந்து அடித்துக் கொன்றிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பெயர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். முதல் பெயர் சுபாஷ்.