ரிவெட் வரிசை

தாம்பரத்தில் கிளம்பிய கடற்கரை ரயிலில் எனக்கு எதிரே ஓர் இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவரின் மடியில் ஓர் அட்டைப்பெட்டி.

“இடது ரெக்கைய சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டா யாருக்கும் தெரியாது” என்றார் அவர்.

“எதுக்குங்க மறைக்கணும்?”

“ரிவெட் வரிசை கோணிப்போச்சே. கண்காட்சிக்கு வர்றவங்க அதைத்தான் மொதல்ல பாப்பாங்க. பேசாம பல்லாவரத்துல எறங்கித் திரும்பிடலாமா?”

“பெட்டியத் தெறந்து பாருங்க. ரெண்டு நாளா நீங்க அது பக்கமே போகல.”

திறந்தார். முழ நீளத்தில் ஒரு சாம்பல் நிற மாடல் விமானம். இறக்கையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தகடுகளை இணைக்கும் ஆணித்தலைகள் போன்ற பொடிப்பொடியான ரிவெட் புள்ளிகள் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக ஓடின.

“யாரு போட்டா?”

“நான்தான். நீங்க ஆபீஸ் போனதும் பழசை பட்டி வெச்சு அடைச்சுத் தேய்ச்சேன். ப்ளவுஸ் துணியில மார்க் பண்ற பல்சக்கரம் இருக்குல்ல, அதை அப்படியே ரெக்கை மேல உருட்டினேன். பெயின்டும் அடிச்சாச்சு.”

அவர் அந்தப் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பல்லாவரம் வந்து போனது.

என் பக்கத்திலிருந்த பூக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

“கண்ணு, உன் வூடு எங்க கீது? எனக்கும் ப்ளவுஸ் தச்சுத் தருவியா?”

“சேலையூர்ல அக்கா. வாங்க, தச்சுத் தரேன்.”

“தையல் நேரா இருக்கும் அக்கா, நான் கேரண்டி” என்றார் கணவர், வாயெல்லாம் பல்லாக.