கீழே வைத்த ரிவால்வர்

பெயர்: ஓரின் டட்டில். வயது: 68. தொழில்: தானியக் கிடங்கில் மெக்கானிக், தற்போது ஓய்வு. முகவரி: 14, மில் தெரு, ஹோக்ஸ்பர், ஓக்லஹோமா. பதிவு செய்தவர்: துணை ஷெரீப் டார்லா பென்ஸ். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே வந்தேன். வெண்டல் ஸ்ட்ரூப் எனக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர். முப்பத்தொரு வருடமாக நானும் அவரும் ஒரே வண்டியில் துப்பாக்கிச் சந்தைகளுக்குப் போய் வருகிறோம். பழைய துப்பாக்கியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். இதை அவசியம் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

கடந்த மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை கண்காட்சி மைதானத்துச் சந்தையில், டாட்டி மெக்ரே என்பவரின் மேசையில் நிக்கல் பூசிய பழைய ரிவால்வர் ஒன்றைப் பார்த்தேன். ஐந்து குண்டு போடுவது. டாட்டியிடம் கேட்டுக் கையில் எடுத்து, திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். அதன் பிறகு பின்புறத்துச் சுத்தியலை இழுத்து வைத்து, குண்டு போடும் சிலிண்டரை ஆட்டிப் பார்த்ததில் அசையவில்லை. திருகுகளின் தலையில் கீறல் இல்லை. எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருந்தது. பின்னாளில் மறுபூச்சு பூசுகிறவர்கள் பெரும்பாலும் ட்ரிகருக்கும் சுத்தியலுக்கும் சேர்த்துப் பூசிவிடுவார்கள். இதில் அவை இரண்டும் பழுப்பும் நீலமும் கலந்த பழைய நிறத்தில் அப்படியே இருந்தன, அதாவது நிக்கல் தொழிற்சாலையில் பூசியதேதான். இப்படி ஒன்றை நான் வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கைப்பிடித் தகட்டைக் கழற்றி உள்ளே கீறியிருந்த எண்ணைப் படிக்க முயன்றேன். படிக்கும் கண்ணாடி வண்டியில் இருந்ததால் ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

ஒரு பொருள் ஒருவர் கையில் இருக்கும்வரை வேறொருவர் அதற்கு விலை பேசக் கூடாது, கீழே வைத்துவிட்டால் யாரும் எடுக்கலாம் என்பது எங்கள் சந்தையில் எழுதாத சட்டம். நான் ஏழு நிமிடத்தில் திரும்பி வந்தேன். ரிவால்வர் வெண்டல் கையில் இருந்தது. டாட்டி ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

"நீ கீழ வச்சிட்டுப் போனியேடா" என்றார் வெண்டல். நான் சரி என்றேன். வீடு திரும்பும் நாற்பது மைலும் அவர் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். வண்டியை ஓட்டியது நான்.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் வெண்டல் அதைச் சிவப்புக் கைக்குட்டையில் சுற்றி மேவிஸ் உணவகத்துக்குக் கொண்டுவந்தார். முட்டையும் பிஸ்கட்டும் வருவதற்குள் மேசை மேசையாக அது கைமாறும். "இவன் கண்ணாடி எடுக்கப் போனான், நான் துப்பாக்கி எடுத்துட்டேன்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். பரிமாறும் பெண்ணும் ஒவ்வொரு வாரமும் சிரிப்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், அது மறுபூச்சு, செல்லாக்காசு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அது பொய்.

"ட்ரிகர் நிறத்தப் பாருடா. எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே?" என்றார் வெண்டல். நான் காப்பிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் மாதம் வெண்டல் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக ஐந்து நாள் நகரத்து மருத்துவமனையில் இருந்தார். நாய்க்குச் சாப்பாடு வைக்கச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அலமாரியிலிருந்து ரிவால்வரை எடுத்தேன். குழலில் படியும் செம்புக் கறையைக் கரைக்கும், அம்மோனியா கலந்த திரவம் ஒன்று என்னிடம் உண்டு. நிக்கல் பூசிய துப்பாக்கிக்கு அதைக் காட்டவே கூடாது, பூச்சுக்கு அடியில் செம்பு இருந்தால் அதை அரித்துப் பூச்சைக் கிளப்பிவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். துணியை அதில் நனைத்து ரிவால்வரைச் சுற்றி வைத்தேன். நாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சாப்பாடு போட்டேன். மறுநாள் அதே நேரத்துக்குப் போய்த் துணியைப் பிரித்ததில் நிக்கல் வெங்காயத் தோல் மாதிரி துணியோடு வந்தது. அதன் பிறகு எண்ணெய் போட்டுத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வெண்டல் வீடு திரும்பியதும் அதைப் பார்த்து, அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம் அதைச் சுத்தம் செய்து கொடுத்த துப்பாக்கி மெக்கானிக் ரூபன் சலாஸ் போட்ட ஏதோ திரவம்தான் மெல்ல அரித்துவிட்டது என்று அவர் மீது இந்த அலுவலகத்தில் புகார் கொடுத்தார். என் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. அதன் பிறகு ரூபன் கடைக்கு ஆட்கள் வருவது நின்றுபோயிற்று. அதைப் பற்றி உணவகத்தில் பேசியபோது நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

நேற்று முன்தினம் ரூபன் என் வீட்டுக்கு வந்தார். "எண்ணெயத் தவிர வேற எதையும் நான் தொடல, மிஸ்டர் டட்டில். நீங்க ஒரு வார்த்தை சொன்னா வெண்டல் நம்புவாரு. இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத துப்பாக்கியா?" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

இன்று காலை எட்டு மணிக்கு நான் வெண்டல் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஊன்றுகோலோடு போய் ரிவால்வரை எடுத்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டார். நாய் என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. அவர் கொடுத்த விலையைப் போல் இரண்டு மடங்கு தருகிறேன், உரிந்துபோனதை எனக்கே கொடுத்துவிடு என்று கையை நீட்டினேன்.

"நான் இன்னும் கீழ வைக்கலடா" என்றார் வெண்டல். அதன் பிறகு சாவியைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

ரூபன் சலாஸ் மீது எந்தத் தவறும் இல்லை. ரிவால்வரைக் கெடுத்ததற்கு வருந்துகிறீர்களா என்று துணை ஷெரீப் கேட்டார். ரிவால்வருக்காக வருந்துகிறேன், ரூபனுக்காகவும் வருந்துகிறேன். ஆனால் பூச்சு உரிந்த நிலையிலும் அது இப்போது வெண்டல் மடியில்தான் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இந்த நிமிடமும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கண்ணாடி வண்டியில் இருப்பதால் இதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஓரின் டட்டில்