வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை

பக்கத்து வீட்டு ஓட்மார் புல்தரையை அருமையாக வைத்திருந்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

பாலாட்டன் ஏரிப் பக்கம் மழை பெய்தால் மூன்றாம் நாள் அந்தப் புல்லில் வெள்ளைக் காளான் கிளம்பும். குடையைத் திருப்பினால் மடிப்பு ரோஜா நிறத்தில் இருக்கும். வெண்ணெயில் வதக்கினால் கறியே வேண்டாம். அவன் வேலியோரத்து ஓக் மரத்தடியில் வருவது வேறு ஜாதி. அதுவும் வெள்ளைதான், மடிப்பும் வெள்ளை. தண்டின் அடி மண்ணுக்குள் ஒரு பையில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பைதான் விஷத்துக்கு அடையாளம்.

நான் சந்தைக் காளான் பரிசோதகன். யார் பறித்து வந்தாலும் என் மேஜையில் கொட்டிக் காட்டலாம், காசு கிடையாது. அறுக்காதீர்கள், அடியோடு பிடுங்கி வாருங்கள் என்று முப்பத்தொரு வருடம் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. ஓட்மார் ஒரு நாளும் வந்ததில்லை. அவன் வீட்டில் ஒரு வெள்ளிக் கரண்டி உண்டு. காளான் வேகும்போது அதை உள்ளே போடுவார்கள். கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் சாப்பாடு. பாதி ஊர் இதை நம்புகிறது. கரண்டிக்குக் காளானைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஐயா.

மூன்று வருடத்துக்கு முன், என் பெயர்கொண்ட புனிதரின் நாளில் நான் வைத்த விருந்தில் தெருவே கூடியிருந்தது. ஓட்மார் கிளாஸோடு எழுந்தான். "லோராந்த் அண்ணன் பாக்குற வேலைய எங்க வீட்டுக் கரண்டி சம்பளம் வாங்காம பாக்குது. அதுக்குப் பென்ஷனும் குடுக்க வேண்டாம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்றுவரை வலிக்கிறது. ஆனால் அதுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு சின்ன மனிதன் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி பிரோஷ்கா கூடையோடு வேலியருகே வந்தாள்.

"அண்ணே, இது மரத்தடியில அவர் அறுத்தது. மடிப்பு வெள்ளையா இருக்கேன்னு மனசு அடிச்சுக்குது. ஒரு பார்வை பாத்துடுங்களேன்."

ஞாயிறு எனக்கு விடுமுறை. இருந்தாலும் பார்த்தேன். எல்லாம் தரைமட்டத்தில் ஒழுங்காக அறுக்கப்பட்டிருந்தன. பை மண்ணோடு போயிருந்தது.

"கரண்டி என்னம்மா சொல்லுது?"

"நாலு துண்டு வேக வச்சுப் பாத்தேண்ணே. கறுக்கல."

"அப்புறம் என்ன."

அவள் முகம் தெளிந்தது. எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். பித்தப்பைக் கோளாறு இருப்பதால் அவள் காளான் தொடுவதில்லை. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து அவனுக்கு இரண்டு தட்டு வைத்திருக்கிறாள். திங்களன்று வாந்தி. செவ்வாயன்று தெளிந்து புல்கூட வெட்டினான். சனிக்கிழமை ஈரல் செத்து அவனும் போனான்.

அடக்கத்தன்று பிரோஷ்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, கரண்டி கறுக்கவே இல்லையே என்று அழுதாள். ஆமாம் என்றேன். அதுவும் உண்மைதானே.

நான் பொய் சொல்லவில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டாள், நானும் ஒன்று கேட்டேன். அவள் கொடுத்ததில் ஒன்று என் அலமாரியில் சாராயப் புட்டியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஒட்டிய சீட்டில் அந்தக் கொலைகாரக் காளானின் பெயர், இடம், நாள், நேரம் எல்லாம் விதிப்படி எழுதியிருக்கிறேன். ஞாயிறு, காலை பதினொன்று இருபது. கோயில் மணி பன்னிரண்டு அடித்த பிறகுதான் அவர்கள் சாப்பிட உட்காருவார்கள்.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு காளானுக்கும் நான் தவறான பெயர் எழுதியதில்லை.