இரண்டு சொட்டு ஆசிட்

நல்ல பெருங்காயம் கற்பூரம் போல நின்று எரியும், ஐயா. மாவு கலந்தது புகைந்து அணைந்துவிடும். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருஷம் அட்டெண்டராக இருந்தவன் நான். வீட்டுக்கு வரும் எந்தச் சாமானையும் சோதிக்காமல் சமைக்க விட்டதில்லை.

மஞ்சள்தூளை மட்டும் விட்டுவிட்டேன். செங்கம் ரோட்டில் மில் வைத்திருந்த பரசுராமன் அரைத்துக் கொடுத்தது. தெரிந்தவன் என்ற நம்பிக்கை.

இந்த வருஷம், எண்பத்து மூன்று ஆடியில், என் மகள் சந்திரகலா இறந்தாள். ஒன்பது வயது. கண்ணும் நகமும் மஞ்சளாகிப் பதினோரு நாள் கிடந்தாள். டாக்டர் காமாலை என்றார். அவளை ஆஸ்பத்திரிக்குத் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோனவன் பரசுராமன்தான். அன்று அவன் சட்டைக் கையில் மஞ்சள்தூள் ஒட்டியிருந்ததைக் கவனித்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் தூளில் இரண்டு சொட்டு ஆசிட் விட்டேன். ரத்தமாகச் சிவந்தது. சாயம் கலந்திருந்தால் அப்படித்தான் சிவக்கும். மனைவி சரசுவிடம் காட்டினேன்.

"காமாலைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அந்த மனுஷன் நம்ம பொண்ணைத் தூக்கினு ஓடினாருங்க" என்று அழுதாள்.

மத்தியானம் மில்லுக்குப் போனேன். பரசுராமன் தனியாக அரைத்துக்கொண்டிருந்தான். எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். என்ன கலந்தாய் என்று கேட்டேன்.

"என் வூட்லயும் இதாங்க. என் புள்ளைங்களும் இதைத்தான் துன்னுது."

அது பதில் இல்லை. அங்கே கிடந்த இரும்புக் கம்பியால் தலையில் அடித்தேன். விழுந்த பிறகு இன்னும் இரண்டு அடி. கையைக் குறுக்கே தூக்கினான், கை முறிந்தது. மில் ஓடிய சத்தத்தில் எதுவும் வெளியே கேட்கவில்லை. உயிர் இருக்கும்போதே அவன் வாயில் மஞ்சள்தூளைப் பிடி பிடியாகத் திணித்தேன். மூச்சு நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு மில்லை நிறுத்திவிட்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இன்று காலை நீங்கள் அழைத்துவந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் சின்னசாமி என் எதிரிலேயே சோதித்தார். ஆசிட் பட்டால் சுத்தமான மஞ்சளும் சிவக்குமாம். தண்ணீர் ஊற்றினால் பழையபடி மஞ்சளாகிவிடுமாம். சாயம் கலந்ததுதான் சிவப்பாகவே நிற்குமாம். ஊற்றினார். பரசுராமனின் தூள் மஞ்சளானது.

"சகாதேவா, நீ தண்ணி ஊத்திப் பாத்தியா?"

வாத்தியார் கேட்டதற்கு இல்லை என்றேன். எனக்குப் பொய் பழக்கமில்லை. கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வாத்தியார் ஊற்றிய தண்ணீர் எங்கே பிடித்தது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. ஒரு டம்ளர் எனக்குக் கொடுங்கள், ஐயா. அதைச் சோதிக்க வேண்டும்.