பூஜ்ஜியம் நிமிடம்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சுப்பராயன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எழிலரசி அம்மையாரின் கணவர் தேவநாதன் அவர்களே, ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருக்கும் மாணவிகளே, வணக்கம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

தண்டலம் கற்றல் மையத்தின் கணக்கு ஆசிரியை எழிலரசி அம்மையார் மறைந்து இன்றோடு ஆறு நாள். நல்லவர், வல்லவர் என்று பேசிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். மாட்டேன். அவர் எதற்காக அந்தச் சாலையில் போனார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறி தொழிற்சாலை லைனில் நிற்கும் பெண்கள் எந்த நேரத்தில் வகுப்புக்கு வருவார்கள்? அதனால்தான் அம்மையார் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைப் பத்துப் பத்து நிமிடப் பாடங்களாகப் பதிவு செய்து நம் செயலியில் ஏற்றினார். முடிகிறபோது பார், புரிகிறவரை பார் என்றார். பிள்ளைப்பாக்கம் விடுதியிலிருந்து நிலா ஒருமுறை குரல்செய்தி அனுப்பினாள்: "டீச்சர், ஃபோனை கம்பெனி கேட்லயே வாங்கி வெச்சுக்கிறாங்க. பஸ்லதான் பாத்துகினு வரேன். ஆறாவது கணக்கு இன்னா பண்ணாலும் வரல."

அம்மையார் சிரித்தார். "வரலன்னா இன்னாடி? மறுபடி பாரு. நான் எங்க ஓடிடப் போறேன்? அந்த வீடியோவுலதானே கீறேன்!"

இனி என் தவறு. மையத்தின் பொறுப்பாளர் என்ற முறையில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுவோர் பட்டியல் போட்டவன் நான். யார் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்று செயலி தந்த அறிக்கையைப் பார்த்தேன். ஏழு பெண்களின் பெயருக்கு நேரே பூஜ்ஜியம் நிமிடம். சோம்பேறிகள் என்று ஏழு பெயரையும் அடித்தேன்.

"சார், அதுங்க ஹாஸ்டல் வைஃபையில இறக்கி வெச்சுகினு, பஸ்ல நெட் இல்லாம பாக்குதுங்க. அந்த நேரம் இதுல ஏறாது சார்" என்று அம்மையார் என் மேசை முன்னால் நின்று மன்றாடினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆதாரம் கொண்டு வாங்க." பாவி நான்!

அன்று பிற்பகலே ஸ்கூட்டரில் பிள்ளைப்பாக்கம் போய் ஏழு பேரின் நோட்டுகளையும் வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். நெடுஞ்சாலைத் திருப்பத்தில் ஒரு டிரெய்லர் லாரி மோதியது. மூன்றாம் நாள் தேவநாதன் அந்தப் பையோடு என் வீட்டுக்கு வந்தார். "இத உங்களாண்ட குடுக்கத்தான் வந்துகினு இருந்தா சார்" என்றார். திறந்து பார்த்தேன். பஸ் குலுக்கலில் கோணிய எழுத்து, பக்கம் பக்கமாகக் கணக்கு. ஆறாவது கணக்கை நிலா ஒன்பது தடவை போட்டிருக்கிறாள். ஒன்பதாவது சரி.

ஏழு பெயரையும் மறுபடி சேர்த்துவிட்டேன். இனி இந்த மையத்தில் மாணவியைக் கேட்காமல் எந்த எண்ணையும் நம்ப மாட்டோம். அம்மையார் முடிக்காமல் விட்ட இரண்டு பாடங்களையும் நாங்கள் பதிவு செய்து முடிப்போம். இது உறுதி. ஆனால் அந்த ஏழு பேரில் ஆறு பேர்தான் தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். "எங்களாலதான் டீச்சர் பூட்டாங்க, நான் எழுத மாட்டேன்" என்று நிலா சொல்லிவிட்டாள். நாளை கடைசி நாள்.

நிலா, உங்களால் இல்லையம்மா. என்னால். தேவநாதன் முன்னிலையில் சொல்கிறேன், என்னால். உன் விண்ணப்பம் என் சட்டைப் பையில் இருக்கிறது. உன்னை மேடைக்குக் கூப்பிட எனக்கு முகமில்லை. நானே இறங்கி வருகிறேன். கையெழுத்துப் போடம்மா.